மெலினா தூக்கிய கை

சேன்-ஓப்ரே, ழூரா
மார்ச் 21

அன்புள்ள மெலினாவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்கவேண்டும். கேட்கப் போவதில்லை. நலமாகத்தான் இருப்பாய். உன் அம்மா சமைத்த சாசேஜ் குழம்பையும் சோற்றையும் ஒரு பிடி பிடித்துவிட்டு, போனை அணைத்து எந்த அலமாரியிலோ போட்டுவிட்டு, சேன்-லூ கடற்கரையில் காலை நீட்டிப் படுத்திருப்பாய். இங்கே ஆளாளுக்கு எனக்குப் போன் செய்கிறார்கள். மெலினா எங்கே, மெலினா ஏன் எடுப்பதில்லை, மெலினா எப்போது தீவிலிருந்து திரும்பி வருவாள். நான் என்ன உன் செக்ரட்டரியா? பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் கையால் எழுதுகிற முதல் கடிதம் இதுதான். கோழி கிறுக்கியது போல இருக்கும், பொறுத்துக்கொள். உன் அம்மா தபாலை உன் மூக்குக்கு நேராகக் கொண்டுவந்து நீட்டுவார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

என் கால் பரவாயில்லை. குதிகாலுக்கு மேலே வீக்கம் இன்னும் வடியவில்லை, அவ்வளவுதான். டாக்டர் முட்டி வரைக்கும் ஒரு பிளாஸ்டிக் பூட்ஸை மாட்டிவிட்டு ஸ்கேனுக்கு நாள் கொடுத்திருக்கிறார். அதனால் பாரிஸில் பாட்மின்டன் பயிற்சி மையத்தில் இருக்காமல் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். மாடிப்படியில் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து இறங்குகிறேன். அதைப் பற்றி நீ ஒன்றும் கவலைப்படவேண்டாம்.

நான் எழுத வந்தது உன் கையைப் பற்றி.

அரையிறுதி. மூன்றாவது செட். நெதர்லாந்துக்காரிகள் இருபது, நாம் பத்தொன்பது. அந்த உயரமானவள் அடித்த பந்து உன் தலையைத் தாண்டிப் போய்க் கோட்டுக்கு வெளியே விழுந்தது. கோட்டு நடுவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டார். அம்பயர் இருபதுக்கு இருபது என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டார். அரங்கமே எழுந்து நின்று கத்துகிறது. நம் நாட்டு ஜனம், மெலினா! நமக்காக இவர்கள் எழுந்து நின்று கத்தி நாம் எப்போது கேட்டிருக்கிறோம்? அந்தச் சத்தத்துக்கு நடுவில் நீ போய்க் கையைத் தூக்குகிறாய். "என் முடியில பட்டுச்சு" என்கிறாய். உடம்பில், உடையில், முடியில் எதில் பந்து பட்டாலும் பாயின்ட் எதிராளிக்கு. இருபத்தொன்று. முடிந்தது கதை. இறுதிப் போட்டியும் போச்சு, உலகப் போட்டிக்கான இடமும் போச்சு. பிறகு நீ உடை மாற்றும் அறையில் ஷூவைக் கழற்றினாய், பையை எடுத்தாய், மறுநாள் விமானம் ஏறிவிட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய்?

நாம் வளர்ந்தது அப்படித்தான், எனக்கும் தெரியும். கிளப் போட்டிகளில் அம்பயர் கிடையாது. நம் பக்கம் விழுகிற பந்தை நாமே பார்த்து உள்ளே, வெளியே சொல்லவேண்டும். சந்தேகம் என்றால் எதிராளிக்குத்தான் பாயின்ட். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐஸ் பெட்டி போன்ற பள்ளி ஜிம்மில் நின்று நம் தோல்விக்கு நாமே தீர்ப்புச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அதிலும் நீ ஒரு படி மேலே. மாவட்ட இறுதிப் போட்டியில், யாருமே பார்க்காதபோது, "என் ராக்கெட் நுனியில பட்டுச்சு" என்று சொல்லிக் கோப்பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? வீடு வந்து சேரும்வரை காரில் நான் உன்னோடு பேசவில்லை. நீ பின்சீட்டில் நிம்மதியாகச் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டு வந்தாய்.

ஆனால் இது பள்ளி ஜிம் இல்லையே. உயரமான நாற்காலி போட்டு ஓர் ஆளை உட்காரவைத்திருக்கிறார்கள். கோட்டுக்குக் கோடு ஆள் வைத்திருக்கிறார்கள். பார்ப்பது அவர்கள் வேலை. அவர்கள் பார்க்கவில்லை என்றால் அது அவர்கள் பாடு. நீ ஏன் அவர்கள் வேலையையும் சேர்த்துச் செய்கிறாய்?

எனக்கு ஏன் இத்தனை ஆத்திரம் என்று உனக்குத் தெரியாதா? நீ பதினைந்து வயதில் ரெயூனியன் தீவிலிருந்து ஜனவரி மாதம் ஒரு மெல்லிய ஜாக்கெட்டோடு வந்து இறங்கினாய். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே பஸ், ஒரே வலித்தைலம். எஸ்தோனியாவில் பனியில் நின்று ஹோட்டல் கதவைத் தட்டினோம். சோஃபியாவில் நீ வயிற்றுப்போக்கோடு காலிறுதி ஆடினாய். லிஸ்பன் விமான நிலையத்தில் ராக்கெட் பையைத் தலைக்கு வைத்துத் தரையில் தூங்கினோம். ஐரோப்பியப் போட்டியில் வெண்கலம் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தால், பேக்கரி அம்மா என்ன கேட்டார்? "பாட்மின்டனா? லீவுக்குப் போனா பீச்சுல விளையாடுவோமே, அதுவா? சரிம்மா, நிஜ வேலை என்ன பண்றே?" நான் ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, நிபுணர்கள். இந்த நாட்டில் பள்ளி இறுதித் தேர்வுக்கு பாட்மின்டன் ஆடி மார்க் வாங்காத ஆள் உண்டா? என் பல் டாக்டர் இரண்டு கையையும் என் வாய்க்குள் விட்டுக்கொண்டு, "எனக்கு இருபதுக்குப் பதினாறு. உன் பேக்ஹேண்டை மட்டும் கொஞ்சம் சரி பண்ணிக்கோ" என்கிறார். நான் கடித்துவிடாமல் இருந்ததே பெரிது.

இப்போது கேள், உச்சகட்டம். நம் கிளப் தலைவி மதாம் ஜிரார்தே நேற்று பிளம்ஸ் கேக்கோடு வீட்டுக்கு வந்தார். உன் கை செய்தித்தாளில் வந்துவிட்டதாம். நம் நகராட்சி உனக்கு நேர்மைக் கேடயம் கொடுக்கப்போகிறதாம். நீ இல்லாததால் உன் சார்பில் நான் போய் வாங்கிக்கொண்டு, உன் நேர்மையைப் பற்றி நாலு வார்த்தை பேசவேண்டுமாம். "நீ பேசினாத்தான்மா நல்லா இருக்கும், பக்கத்துலயே நின்னவ நீதானே" என்றார். ஆமாம், பக்கத்திலேயே நின்று வயிறு எரிந்தவளும் நான்தான். அந்த நெதர்லாந்துக்காரிகள் வேறு கேரமல் பிஸ்கட் ஒரு டின் அனுப்பியிருக்கிறார்கள், உன் பெயருக்கு. நான் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். உனக்கு ஒன்றுகூட மிச்சம் வைக்கமாட்டேன்.

போனைப் போடு. கோச் மொர்வான் உன்னோடு பேசவேண்டும் என்கிறார். என்னோடும் பேசு. திட்டமாட்டேன் என்று சொல்லமுடியாது. ஆனாலும் பேசு.

சோலேன்

பி.கு. அம்மா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். உன் பக்கம்தான் பேசுகிறாள். உனக்கென்று ஒரு வட்டம் பாலாடைக்கட்டி தனியாக எடுத்து வைத்திருக்கிறாள்.


சேன்-ஓப்ரே
ஏப்ரல் 6

மெலினா,

'அன்புள்ள' என்று போடலாமா என்று யோசித்தேன். இந்தக் கடிதத்தை முடித்த பிறகு மனசு வந்தால் மேலே எழுதிச் சேர்க்கிறேன்.

விழா முடிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முந்தைய நாள் நடந்ததுதான் முக்கியம். மதாம் ஜிரார்தே நகராட்சி மண்டபத்தில் பெரிய திரை கட்டி நீ கை தூக்கும் காட்சியைப் போட்டுக் காட்டவேண்டும் என்றார். ஆட்டத்தின் முழு வீடியோ என்னிடம் இருந்தது. அந்த ஒரு துண்டை மட்டும் வெட்டிக் கொடு என்றார். எனக்கு அதைத் திரும்பப் பார்க்கவே பிடிக்கவில்லை. இருந்தாலும் சமையலறை மேஜையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கே வெட்டுவது என்று தெரிவதற்காக மெதுவாக ஓட்டினேன்.

படவில்லை.

உன் பின்னல் இடது தோளில் கிடக்கிறது. பந்து வலது காதுப் பக்கமாகப் போகிறது. நடுவில் என் கையை விரித்து வைக்கலாம், அவ்வளவு இடைவெளி. நம்பாமல் திரும்ப ஓட்டினேன். அப்பா பின்னால் வந்து நின்று, "ஏம்மா, பேயறைஞ்ச மாதிரி உட்காந்திருக்கே?" என்றார். கண் எரிகிறது என்று சொல்லி அனுப்பினேன்.

உன் முடி இடுப்பு வரை நீளமாக இருந்தாலும்கூட அந்தப் பந்து அதில் பட்டிருக்காது. அது உனக்கும் தெரியும். ஏனென்றால் பந்து கீழே விழுந்ததும் நீ முதலில் அம்பயரைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்க்கிறாய். என் முகத்தைக்கூட இல்லை, என் காலைப் பார்க்கிறாய். நான் பின்னால் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, முட்டியில் கையை ஊன்றி, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகுதான் உன் கை மேலே போகிறது.

ஸ்கேன் முடிவும் வந்துவிட்டது. குதிகால் தசைநார் பாதிக்கு மேல் கிழிந்திருக்கிறது. டாக்டர் படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்துக்காட்டி, "இதோட எப்படிம்மா ஆடினே? இன்னும் ஒரு தாவு தாவியிருந்தா மொத்தமா அறுந்திருக்கும். அப்புறம் நடக்கிறதே பெரிய பாடு" என்றார். அடுத்த வாரம் அறுவை சிகிச்சை.

சரி. இப்போது பதில் சொல். உன்னை யார் கேட்டது?

என் கால். கோச்சுக்குத் தெரியாமல் பட்டை சுற்றிக்கொண்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, இரண்டு மாதம் அதை இழுத்துக்கொண்டு ஓடியவள் நான். உனக்கு மட்டும்தான் தெரியும், நீயும் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு திடீரென்று உனக்கு என்ன வந்தது? கோர்ட்டில் வைத்துக் கேட்டிருக்கலாமே, "சோலேன், போதும், விட்டுடலாம்" என்று. நீ கேட்டிருந்தால் நான் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அது உனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. ஆனால் மாட்டேன் என்று சொல்வது என் உரிமை இல்லையா? அந்த உரிமையை என் கையிலிருந்து பிடுங்கி, அதற்கு நேர்மை என்று ஒரு சட்டையும் மாட்டி, அம்பயரிடம் நீட்டிவிட்டாய். உலகத்தில் யாருக்காவது சந்தேகம் வருமா? மெலினா தெஷே பொய் சொல்வாள் என்று யாராவது நம்புவார்களா? பள்ளி ஜிம்மிலிருந்து நீ சேர்த்துவைத்த நல்ல பெயர் முழுவதையும் ஒரே பாயின்ட்டில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டாய்.

அழுகை வந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் அந்தப் பிளாஸ்டிக் பூட்ஸாலேயே ஒன்று கொடுத்திருப்பேன்.

இனி விழாவைச் சொல்கிறேன். அந்த இடைவெளி பெரிய திரையில் எல்லார் கண்ணுக்கும் தெரிந்துவிடும். அதனால் வீடியோவை உன் கை மேலே போகிற இடத்திலிருந்து வெட்டினேன். பந்து கிடையாது, பின்னல் கிடையாது, நான் நொண்டியது கிடையாது. வெறும் கை மட்டும். உன் பொய்க்கு நானும் கூட்டு. ரொம்ப சந்தோஷம்தானே?

மண்டபம் நிறைந்திருந்தது. இத்தனை வருஷம் ஒரு ஆட்டத்துக்கும் வராத ஜனமெல்லாம் வந்திருந்தது. மேயர் கழுத்துப்பட்டையைச் சரி செய்துகொண்டு, தானும் பள்ளி இறுதித் தேர்வில் பாட்மின்டனில் இருபதுக்குப் பதினேழு வாங்கியவர் என்று ஆரம்பித்தார். நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா கூரையைப் பார்த்தாள். திரையில் உன் கை எழுந்தது. எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். மதாம் ஜிரார்தே மூக்கைச் சிந்தினார். பிறகு என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. நாக்கு நுனி வரை வந்தது. முன்வரிசையில் நம் கிளப் பொடிசுகள் சீருடை போட்டுக்கொண்டு வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் சொன்னது இவ்வளவுதான்: "மெலினா கோர்ட்டுல எதையுமே தனக்குன்னு வச்சுக்கிட்டதில்ல. கூட ஆடின எனக்கு அது நல்லாத் தெரியும்." அதற்கும் கைதட்டினார்கள். கேடயத்தை வாங்கிக்கொண்டு நொண்டிக்கொண்டே இறங்கினேன். ஒயினும் பாலாடைக்கட்டியும் நன்றாகத்தான் இருந்தன.

ஒரு விஷயம் மட்டும் நீ தெரிந்துகொள்ளவேண்டும். அந்த நாளிலிருந்து நம் கிளப்பில் ஒரு ஆட்டமும் முடிவதில்லை. பொடிசுகள் எதற்கெடுத்தாலும் கை தூக்குகிறார்கள். ஒருத்தி சாக்ஸில் பட்டது என்கிறாள். ஒருவன் பந்து வந்த காற்று தன்மேல் பட்டது என்கிறான். பயிற்சி கொடுப்பவர் தலையில் அடித்துக்கொள்கிறார். எல்லாம் உன் உபயம்.

வீடியோவைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லப் போவதும் இல்லை. ஆனால் எனக்கு நீ சொல்லவேண்டும். ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை, அது தெரிந்துவிட்டது. செய்துவிட்டு ஏன் ஓடிப்போனாய்? அதற்குப் பதில் எழுது. நீளமாக வேண்டாம். உனக்கு எழுத வராது என்பது எனக்குத் தெரியும்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் உன் குரலைக் கேட்டால் நன்றாக இருக்கும். கட்டாயம் இல்லை.

சோலேன்

மேலே 'அன்புள்ள' இன்னும் எழுதவில்லை. இடம் விட்டிருக்கிறேன்.


சேன்-ஓப்ரே
ஏப்ரல் 27

அன்புள்ள மெலினாவுக்கு,

உன் போன் வந்ததற்கு நன்றி. மயக்க மருந்து போட்டிருந்தார்கள், அதனால் நான் என்ன உளறினேன் என்று எனக்கே தெரியவில்லை. உன்னைத் திட்டினேன் என்று அம்மா சொல்கிறாள். அப்படியென்றால் நினைவோடுதான் இருந்திருக்கிறேன். காலில் தையல் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அப்பா கழிவறைக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி அடித்துக் கொடுத்தார். கோணலாக அடித்திருக்கிறார், ஆனாலும் பிடித்துக்கொள்ள முடிகிறது.

உன் கடிதமும் வந்தது. எனக்கு எழுத வராது என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு மேஜையில் எறிந்தேன். திரும்ப எடுத்துப் படித்தேன். திரும்ப எறிந்தேன்.

பொய் சொல்லி என்னைத் தோற்கடித்துவிட்டு இனி கோர்ட்டில் நிற்க உனக்கு மூஞ்சி இல்லை என்கிறாய். சோலேன் இல்லாமல் வேறு யாரோடும் ஆடமாட்டேன் என்கிறாய். சேன்-லூ பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாயாம். செப்டம்பரில் சேர்கிறாயாம். பிள்ளைகளுக்குப் பள்ளி இறுதித் தேர்வுக்கு பாட்மின்டன் சொல்லிக்கொடுத்து இருபதுக்குப் பதினேழு போடப்போகிறாயா? இன்னும் பத்து மேயர்களை உருவாக்கப் போகிறாயா? மெலினா, உனக்கு இருபத்தெட்டு வயசு. உன் முட்டி நன்றாக இருக்கிறது, தோள் நன்றாக இருக்கிறது, குதிகால் இரண்டும் குத்துக்கல் மாதிரி இருக்கின்றன. என்னால் இப்போது கழிவறைக்குப் போக ஒரு கைப்பிடி வேண்டும். நல்ல காலை வைத்துக்கொண்டு நீ ஓய்வு பெறுகிறேன் என்று என்னிடமே எழுதுகிறாய். எனக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்தாயா?

போன ஞாயிற்றுக்கிழமை மொர்வான் பாரிஸிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்தார். என் காலைப் பார்க்கத்தான் வந்தேன் என்றார். காலை ஒரு தடவைதான் பார்த்தார். கூடவே ஒரு பெண்ணையும் கூட்டிவந்திருந்தார். அப்பொலின் என்று பெயர், பத்தொன்பது வயசு, போன வருஷம் மையத்தில் சேர்ந்தவள். நீகூட ஒருமுறை சொன்னாயே, அந்தப் பொண்ணு வலைக்கிட்ட நல்லாப் பண்றாளே என்று. அவள்தான். அம்மா மோர்த்தோ சாசேஜும் உருளைக்கிழங்கும் வேகவைத்தாள். சாப்பிடும்போது மொர்வான், "ஒரு வருஷம் போகட்டும் சோலேன், அப்புறம் பாக்கலாம்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தட்டில் இருந்த சாசேஜைப் பார்த்துச் சொன்னார். அம்மா எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டுத் தட்டுக் கழுவ ஆரம்பித்தாள். யார் தட்டும் இன்னும் காலியாகவில்லை.

நான் சரி என்று தலையாட்டினேன். எனக்கு அடுத்த மாதம் இருபத்தொன்பது. மற்றதை நீயே புரிந்துகொள்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். நீ திரும்பி வந்து அந்தப் பெண்ணோடு ஜோடி சேரவேண்டும் என்கிறார். மே கடைசிக்குள் பெயர் கொடுத்தால் இலையுதிர் காலப் போட்டிகளுக்குப் போகலாம். புது ஜோடி என்பதால் தரவரிசையில் அடியிலிருந்து ஏறவேண்டும். மறுபடியும் எஸ்தோனியா, மறுபடியும் சோஃபியா. நீ அவர் போனை எடுப்பதில்லை. அதனால் நான் எழுதவேண்டுமாம். "நீ சொன்னா அவ கேப்பா" என்றார். என் இடத்துக்கு வேறு ஒருத்தியை வைத்துக்கொள் என்று நான் எழுதவேண்டும், இவர் என் வீட்டுச் சாசேஜைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்கிறார். அந்த மனுஷருக்குப் பேசத் தெரிந்ததே அவ்வளவுதான். கோபித்துக்கொள்ளக்கூட முடியவில்லை.

அந்தப் பெண் எப்படி என்று கேட்கிறாயா? என்னை 'நீங்க' என்று கூப்பிட்டாள். எழுபது வயசுக் கிழவியிடம் பேசுவது போலப் பேசினாள். அம்மாவிடம் சாசேஜை மூன்று தடவை கேட்டு வாங்கித் தின்றாள், அதனால் அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. கிளம்பும்போது மொர்வான் காரைத் திருப்பிக்கொண்டிருந்த நேரத்தில் என்னிடம் வந்து, "மெலினாக்கா எனக்குச் சரின்னு சொல்லுவாங்களா? நான் அவங்க ஆட்டத்தை எல்லாம் பாத்திருக்கேன். உங்களோடதையும்" என்றாள். 'உங்களோடதையும்' என்பதைக் கடைசியில்தான் சேர்த்துக்கொண்டாள். நல்ல பெண்தான். எனக்கு எரிச்சலாக வந்தது.

அதனால் எழுதுகிறேன், காதைக் கொடுத்துக் கேள். உனக்கு மூஞ்சி இல்லை என்ற கதையெல்லாம் என்னிடம் வேண்டாம். நீ பொய் சொன்னது என்னைக் காப்பாற்ற. இன்றைக்கு நான் இரண்டு காலோடு இருக்கிறேன். இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. இப்போதும் கோபம்தான், கோபம் போகவில்லை, போகுமா என்றும் தெரியவில்லை. ஆனால் உன் ஆட்டத்தையும் சேர்த்துப் புதைத்துவிட்டால் அந்தக் கை எதற்காக மேலே போனது? என் காலுக்காகப் போனது என்றால், என் காலோடு நிற்கட்டும். உன் காலை எதற்கு அதில் கட்டுகிறாய்? எனக்கு அந்தப் பாரம் வேண்டாம். நீ ஆடாமல் அங்கே உட்கார்ந்திருந்தால் நான் இங்கே தினமும் அதைச் சுமக்கவேண்டும். ஏற்கெனவே நொண்டுகிறேன்.

அந்தப் பெண்ணைப் பற்றி நான் கவனித்தவற்றைச் சொல்கிறேன். மொர்வான் அவளுடைய ஆட்டங்களை என் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டுப் போனார். உட்கார்ந்து பார்த்தேன், வேறு என்ன வேலை எனக்கு? அவளுக்குக் கை வேகம், கால் சோம்பேறி. அடித்துவிட்டு அங்கேயே நின்று ரசிக்கிறாள். அவளைக் கத்தி நகர்த்தவேண்டும். என்னோடு நீ வாயைத் திறக்காமலே ஆடினாய், அது இவளிடம் நடக்காது. வாயைத் திறந்து "என்னது", "உன்னது" என்று சொல்லு. ஒரு பாயின்ட் விட்டால் முகம் சுண்டிப்போகிறது, உடனே பக்கத்தில் போய் ஏதாவது பேசு, எதைப் பற்றியாவது, சாப்பாட்டைப் பற்றி. சர்வீஸ் போடும்போது தோள் இறுகுகிறது. நடுவில் வரும் பந்து உன்னுடையது. அதில் அவளை நம்பாதே, இப்போதைக்கு.

இன்னொன்று இருக்கிறது. இதை எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து பேனாவை வைத்துவிட்டு வைத்துவிட்டு எடுக்கிறேன். நம் சுண்டுவிரல். எனக்கு இந்தப் பந்து முடியாது, மூச்சு இல்லை, கோர்ட் முழுக்க நீ பார்த்துக்கொள் என்பதற்கு முதுகுக்குப் பின்னால் காட்டுவோமே, அது. மொர்வானுக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அரையிறுதியில் நான் அதைக் காட்டவே இல்லை. கடைசிவரை மூடிய கையோடுதான் நின்றேன்.

அதை அவளுக்குச் சொல்லிக்கொடு. பத்தொன்பது வயசில் அதைக் காட்ட வெட்கமாக இருக்கும். வெட்கப்படாதே என்று சொல். காட்டினால் நீ பார்த்துக்கொள்வாய் என்று சொல். காட்டாவிட்டாலும் நீ பார்த்துக்கொள்வாய் என்பதை மட்டும் சொல்லாதே, அது தெரிந்தால் அவள் காட்டவே மாட்டாள்.

உன் அம்மாவுக்கு என் வணக்கம் சொல். விமானச் சீட்டை எடு. நன்றாக ஆடு, மெலினா. நிறைய ஜெயி.

உன்
சோலேன்